ராணுவம் என்றால் எது? தரைப்படை, கடற்படை, விமானப்படை பிரிந்த கதை

ராணுவம் என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு அளவில் பயன்படுத்துகிறோம். ஒரு நாட்டின் ராணுவ பலம் என்று பேசினால் தரை, கடல், வானம் எல்லாமே அதற்குள் அடக்கம். ராணுவமும் கடற்படையும் சேர்ந்து மீட்புப் பணியில் இறங்கின என்று செய்தி வந்தால், அங்கே ராணுவம் என்பது தரைப்படை மட்டும். புதிதாக இந்த விஷயத்தைப் படிக்க வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அதனால் மொத்தத்தையும் சொல்ல ஆயுதப்படைகள் என்றும், நிலத்தில் போரிடுவதற்கான படையைத் தரைப்படை என்றும் எழுதுகிறேன்.

முப்படை என்ற சொல்லும் இப்படித்தான். அதைக் கேட்டுக் கேட்டு, எல்லா நாட்டிலும் மூன்று படைகள்தான் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆறு இருக்கின்றன: தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படை, விண்வெளிப்படை, கடலோரக் காவல்படை. சீனாவில் தரை, கடல், வானம் போக ஏவுகணைகளுக்கென்றே நான்காவதாக ஒரு படை. அயர்லாந்தில் ஒரே பாதுகாப்புப் படை, அதற்குள் தரை, கடல், வான் பிரிவுகள். கோஸ்டா ரிக்கா 1948-லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்டது. ஆக, மூன்று என்பது பரவலாகக் காணப்படும் ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்.

சரி, எதைத் தனிப்படை என்று சொல்கிறோம்? தரைப்படைக்குள்ளேயே காலாட்படை, பீரங்கிப்படை, டாங்கிகளை ஓட்டும் கவசப்படை, பாலம் கட்டுகிற பொறியாளர்கள், தகவல் தொடர்பைப் பார்க்கிற சிக்னல் பிரிவு என்று எத்தனையோ உண்டு. பெயரில் படை என்று இருந்தாலும் இவை தனிப்படைகள் அல்ல, தரைப்படையின் கைகால்கள். தனக்கென்று ஒரு தலைமைத் தளபதி, தனி ஆள்சேர்ப்பு, தனிப் பயிற்சிக் கல்லூரிகள், தனிச் சீருடை, தனிப் பதவிப் பெயர்கள், பட்ஜெட்டில் தனக்கென்று ஒரு பங்கு, இவை இருந்தால் அது தனிப்படை. பீரங்கிப்படைக்காரரும் காலாட்படைக்காரரும் ஒரே தளபதிக்குக் கீழே வருவார்கள். மாலுமி அந்தத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர் இல்லை.

பழைய இலக்கியங்களில் தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படை பேசப்படும். வீரன் எதில் ஏறிப் போகிறான் என்பதை வைத்துப் பிரித்த முறை அது. இன்றைய படைகளையும் நாம் பெரும்பாலும் அதே கண்ணோடுதான் பார்க்கிறோம்: நிலத்தில் நடந்தால் தரைப்படை, கப்பலில் போனால் கடற்படை, பறந்தால் விமானப்படை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உண்மையான படைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உடனே உதைக்கிறது. அமெரிக்கக் கடற்படையிடம் இருக்கும் விமானங்கள் பல நாடுகளின் விமானப்படைகளிடம் இருப்பதைவிட அதிகம். அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர்களைப் பெரும் எண்ணிக்கையில் வைத்திருக்கிறது, சரக்குக் கப்பல்களும் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் விமானத் தளங்களைக் காக்க 1942-லிருந்து சொந்தமாகத் தரைவீரர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் தெளிவான உதாரணம், பி-8 பொசைடன் என்ற விமானம். போயிங் நிறுவனம் செய்தது, கடலுக்கு மேலே நெடுநேரம் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது இதன் வேலை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இதைக் கடற்படை ஓட்டுகிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விமானப்படை ஓட்டுகிறது. அதே விமானம், அதே வேலை. கடலைக் காப்பது கடற்படையின் பொறுப்பு, அதற்கான கருவியும் அதன் கையில் இருக்கட்டும் என்று ஒரு நாடு நினைக்கிறது. பறக்கிறவர்களைப் பயிற்றுவித்துப் பராமரிப்பது விமானப்படையின் பொறுப்பு, அதனால் அங்கேயே இருக்கட்டும் என்று இன்னொரு நாடு நினைக்கிறது. இரண்டு நியாயமும் சரிதான்.

பாராசூட்டில் குதிக்கிற வீரர்களும் அப்படியே. அமெரிக்காவில் அவர்கள் தரைப்படை ஆட்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் விமானப்படை ஆட்களாக இருந்தார்கள். ரஷ்யாவில் இரண்டிலும் சேராமல் தனிப் பிரிவாகவே இருக்கிறார்கள். குதிக்கும் முறை மாறவில்லை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மாறுகிறது. படைகளைப் பிரிப்பதன் உட்பொருளே இதுதான்: இந்த வேலைக்கு ஆட்களைத் தேடி, பழக்கி, கருவி வாங்கிக் கொடுத்து, நாளைக்குத் தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

தரைப்படையும் கடற்படையும் ஏன் முதலிலேயே தனித்தனியாக இருந்தன என்று பார்த்தால், அது அந்தத் தொழில்களின் வேறுபாட்டால் வந்தது. போர் வரும்போது ஆட்களைத் திரட்டி, ஆயுதம் கொடுத்து, சில மாதங்களில் ஒரு தரைப்படையை ஓரளவுக்காவது நிறுத்திவிடலாம். போர்க்கப்பல் அப்படி வராது, கட்டவே ஆண்டுக்கணக்கில் ஆகும், காற்றும் நீரோட்டமும் நட்சத்திரமும் பார்த்துக் கப்பல் செலுத்தும் ஆளை உருவாக்க அதைவிட அதிக காலம் பிடிக்கும், அப்புறம் கப்பலுக்குள் மாதக்கணக்கில் வாழ்கிற வாழ்க்கைக்கே ஒரு தனி ஒழுங்கு தேவை. அதனால் இரண்டும் தனித்தனி அமைச்சகங்களின் கீழே வளர்ந்தன. அமெரிக்காவில் கடற்படைக்கு 1798-லேயே தனித் துறை வந்துவிட்டது, அதுவும் தரைப்படையைக் கவனித்த போர்த் துறையும் 1947-ல்தான் ஒரு குடைக்குக் கீழே வந்தன. பிரிட்டன் தன் மூன்று படை அமைச்சகங்களை ஒன்றாக்கியது 1964-ல்.

விமானப்படையின் கதை வேறு மாதிரி. அது பிறந்ததே சண்டையில்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தரைப்படை ஒரு பறக்கும் பிரிவும் கடற்படை இன்னொரு பறக்கும் பிரிவும் வைத்துக்கொண்டு, இருக்கிற கொஞ்ச நஞ்ச விமானங்களுக்கும் எஞ்சின்களுக்கும் போட்டி போட்டன. 1917 கோடையில் ஜெர்மானிய விமானங்கள் பட்டப்பகலில் லண்டன்மேல் குண்டு போட்டன. நகரத்தின் வானத்தைக் காப்பது யார் வேலை என்ற கேள்வி அப்போதுதான் சூடு பிடித்தது. அரசுக்காக அதை ஆராய்ந்த தென்னாப்பிரிக்கத் தளபதி யான் ஸ்மட்ஸ், வானத்துக்கென்று தனிப்படை வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1918 ஏப்ரல் 1 அன்று இரண்டு பறக்கும் பிரிவுகளையும் சேர்த்து ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப்படை உருவானது.

இதில் விட்டுக்கொடுக்க முடியாத இரண்டு வாதங்கள் உண்டு, இரண்டையும் புரிந்துகொண்டால் இன்றைய பாதிச் சர்ச்சைகள் புரிந்துவிடும். தனிப்படை கேட்டவர்கள் சொன்னது: தரைப்படைத் தளபதிக்கு விமானம் என்பது உயரத்தில் இருந்து எட்டிப் பார்க்கும் ஒரு கண், தன் பீரங்கிக்கு ஒரு துணை, அவரிடம் விட்டால் தொலைதூரத்தில் எதிரியின் தொழிற்சாலையையும் ரயில் பாதையையும் தாக்குகிற வேலை ஒருநாளும் நடக்காது. எதிர்த்தவர்கள் சொன்னது: தனியாகப் பிரித்தால் அவர்கள் தங்கள் சொந்தப் போரை நடத்தப் போய்விடுவார்கள், கீழே சேற்றில் கிடக்கிற வீரனுக்கு உதவி தேவைப்படும்போது வானத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டு பயமும் வெவ்வேறு போர்களில் மெய்யானது. பிரிட்டனிலேயே, கப்பலிலிருந்து பறக்கும் விமானங்களும் விமானப்படையின் கையில் போய்விட்டதால் கடற்படை ஆண்டுக்கணக்கில் போராடியது, 1939-ல், அடுத்த உலகப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவற்றைத் திரும்பப் பெற்றது.

அமெரிக்கா அந்த உலகப் போரைத் தனி விமானப்படை இல்லாமலேயே நடத்தி முடித்தது. ஒரு கட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த அதன் வான்பிரிவு, அமைப்பளவில் தரைப்படைக்குள்ளேயே இருந்தது. போர் முடிந்து 1947 செப்டம்பரில்தான் அது தனிப்படையாகப் பிரிந்தது. உடனே எது யாருடையது என்று தகராறு. அடுத்த ஆண்டே கீ வெஸ்ட் என்ற ஊரில் தளபதிகள் உட்கார்ந்து வேலைகளைப் பங்கு போட வேண்டியிருந்தது. அமெரிக்கத் தரைப்படையிடம் ஹெலிகாப்டர்கள் குவிந்து கிடக்க, போர் விமானங்கள் இல்லாமல் இருப்பதற்கு அந்தக் காலத்துப் பங்கீடுகள் முக்கியக் காரணம்.

இத்தாலி வேறொரு ஓரத்துக்குப் போனது. இறக்கை நிலையாக உள்ள விமானங்கள் எல்லாம் விமானப்படைக்கே சொந்தம் என்பது அங்கே சட்டம். கடற்படை, விமானங்களை ஏற்றக்கூடிய ஜுசெப்பே கரிபால்டி என்ற கப்பலை 1985-ல் சேவைக்குக் கொண்டுவந்தது. கப்பல் தயார், ஆனால் அதிலிருந்து பறக்க ஹெலிகாப்டர் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். 1989-ல் சட்டத்தை மாற்றிய பிறகுதான் கடற்படையால் சொந்தமாகப் போர் விமானம் வாங்க முடிந்தது.

படைகளுக்கு இடையே சுவர் உயர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் கால ஜப்பானைப் பார்க்க வேண்டும். தனி விமானப்படை கிடையாது, தரைப்படையும் கடற்படையும் ஆளுக்கொரு வான்பிரிவு வைத்துக்கொண்டு தனித்தனி விமானங்களைச் செய்தன. அவநம்பிக்கை முற்றி, தரைப்படையே சொந்தமாக விமானம் ஏந்தும் கப்பல்களையும், தீவுகளில் இருக்கும் தன் வீரர்களுக்குச் சரக்கு கொண்டுபோக நீர்மூழ்கிக் கப்பல்களையும் கட்டியது. ஏற்கனவே இரும்புக்கும் எண்ணெய்க்கும் தவித்துக்கொண்டிருந்த நாடு அது. தன் கடற்படையை நம்பித் தன் சாப்பாட்டை அனுப்ப முடியாத ஒரு தரைப்படையை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது, அந்தத் தீவுகளில் காத்திருந்தவர்கள் மனிதர்கள்தானே.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? கனடா அதைச் செய்து பார்த்தது. 1968 பிப்ரவரி 1 அன்று மூன்று படைகளையும் சட்டப்படி கலைத்து, ஒரே ஆயுதப்படையாக்கி, எல்லாருக்கும் ஒரே பச்சைச் சீருடையையும் கொடுத்தது. சம்பளக் கணக்கு, கிடங்கு, மருத்துவமனை என்று மும்மடங்காக இருந்தவற்றை ஒன்றாக்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் மாலுமியின் உடுப்பைக் கழற்றியதை மாலுமிகள் ஏற்கவில்லை. 1980-களில் தனித்தனிச் சீருடை திரும்பி வந்தது, 2011-ல் கடற்படைக்கும் விமானப்படைக்கும் பழைய பெயர்களும் திரும்பி வந்தன. சட்டப்படி இன்றும் அது ஒரே படைதான். என்னைக் கேட்டால் கனடா கற்றுக்கொண்ட விஷயம் மதிப்புள்ளது: கிடங்கை ஒன்றாக்கலாம், ஆனால் கப்பலில் வாழ்கிறவனுக்குத் தான் யார் என்ற உணர்வு அந்தச் சீருடையில் இருக்கிறது, ஆபத்தான நேரத்தில் அவனை இடத்தைவிட்டு நகராமல் நிறுத்துவதும் பாதி அந்த உணர்வுதான்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு வருகிறது. படையைத் தயார் செய்வது ஒரு வேலை, அதைப் போரில் நடத்துவது வேறு வேலை. ஆள் எடுப்பது, பயிற்சி, ஆயுதம் வாங்குவது எல்லாம் தனித்தனிப் படைகள் செய்யலாம். சண்டைக்குப் போகும்போது எல்லாரும் ஒரே கட்டளைக்குக் கீழே நிற்க வேண்டும். அமெரிக்கா இதை உயிரைக் கொடுத்துக் கற்றது. 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக் கைதிகளாக இருந்தவர்களை மீட்க ஒரு குழு போனது. கடற்படையின் ஹெலிகாப்டர்கள், அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன்கள், சரக்கு விமானங்கள் விமானப்படையுடையவை, தாக்கப் போனவர்கள் தரைப்படை வீரர்கள். எல்லாரும் ஒரே இடத்தில் கூடி முழு ஒத்திகை பார்க்கவே இல்லை என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. போதுமான ஹெலிகாப்டர்கள் இயங்கும் நிலையில் இல்லாததால் முயற்சியைக் கைவிட்டுக் கிளம்புகிற நேரத்தில், பாலைவனத்தில் ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தின்மேல் மோதி 8 பேர் இறந்தார்கள். 1983-ல் கிரெனடா தீவில் இறங்கியபோதும், தரைப்படையின் ரேடியோவும் கடற்படையின் ரேடியோவும் ஒன்றோடொன்று சரியாகப் பேச முடியாத சிக்கல் வந்தது.

இவற்றுக்குப் பிறகு 1986-ல் வந்த கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம், படைத் தளபதிகளைப் போர் நடத்தும் வரிசையிலிருந்து வெளியே வைத்தது. கடற்படைத் தளபதி கடற்படையைத் தயார் செய்வார், ஆனால் போரில் கப்பல்களுக்குக் கட்டளை அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான கூட்டுத் தளபதியிடமிருந்து வரும். அந்தக் கூட்டுத் தளபதிக்கு அதிபரிடமிருந்தும் பாதுகாப்பு அமைச்சரிடமிருந்தும் நேராக உத்தரவு வரும். சீனா 2016-ல் தன் படைகளை ஐந்து போர்ப் பகுதிகளாகத் தொகுத்ததும், இந்தியா 2001-ல் அந்தமான் நிக்கோபாரில் முப்படைக்கும் பொதுவான ஒரு கட்டளையகத்தை அமைத்து, 2020 ஜனவரியில் முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பதவியை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இதே திசையில்தான்.

மரைன்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடலிலிருந்து கரையில் இறங்கிப் போரிடுகிறவர்கள் அவர்கள். பிரிட்டனில் கடற்படையின் ஓர் அங்கம். அமெரிக்காவிலோ கடற்படைத் துறைக்குள்ளேயே தனிப்படை, தளபதி தனி, விமானங்களும் தனி.

ஏவுகணைக்குத் தனிப்படை வைத்தவர்களும் உண்டு. சோவியத் ஒன்றியம் 1959-ல் அணு ஏவுகணைகளுக்காக ஒன்றை உருவாக்கியது. சீனா 1966-ல் அமைத்த பிரிவை 2015 இறுதியில் முழுப் படையாக உயர்த்தியது. அமெரிக்கா அதே ஆயுதத்தை, நிலத்தில் இருப்பதை விமானப்படைக்கும் நீர்மூழ்கியில் இருப்பதைக் கடற்படைக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறது. சில நாடுகளில் பிரிவினைக்கு அரசியல் காரணம் இருக்கும். ஈரானில் வழக்கமான ஆயுதப்படைகள் ஒரு பக்கம், சொந்தமாகத் தரை, கடல், வான் பிரிவுகள் வைத்திருக்கும் புரட்சிக் காவல் படை இன்னொரு பக்கம். 1979 புரட்சிக்குப் பின் வந்த அரசு பழைய ராணுவத்தை முழுதாக நம்பவில்லை, அதனால் தனக்கென்று ஒன்றை வளர்த்தது.

ஓரங்களில் கோடு இன்னும் மங்கலாகும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை சட்டப்படி ஆயுதப்படைதான், ஆனால் 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழே இருக்கிறது. இந்தியாவில் அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். ஜப்பானில் போக்குவரத்தைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழே உள்ள சிவில் அமைப்பு. இத்தாலியில் காவல் வேலை பார்க்கும் கராபினியெரி 2000-லிருந்து நான்காவது ஆயுதப்படை. ஆனால் இந்தியாவின் எல்லைப் பாதுகாப்புப் படை, எல்லையில் துப்பாக்கியோடு நின்றாலும், உள்துறை அமைச்சகத்தின் கீழே வரும் துணை ராணுவம். பொலிவியாவுக்குக் கடலே இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் சிலியுடன் நடந்த போரில் கடற்கரையை இழந்த நாடு அது. ஆனாலும் டிடிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து போகிற கடற்படை அதற்கு இருக்கிறது.

செய்தி படிக்கிறவர்களுக்கு உதவும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதவிப் பெயர்கள் படைக்குப் படை மாறும், ஒரே பெயர் வேறு உயரத்தில் நிற்கும். பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் தரைப்படை கேப்டன் இளநிலை அதிகாரி. கடற்படை கேப்டன் பெரிய போர்க்கப்பலையே நடத்தக்கூடிய மூத்த அதிகாரி, தரைப்படைக் கர்னலுக்குச் சமம். எந்தப் படை என்று பார்க்காமல் பதவியை மட்டும் படித்தால் ஆளின் எடையைத் தப்பாகப் போட்டுவிடுவோம்.

1918-ல் வானத்துக்காக நடந்த அந்த விவாதம் இப்போது வேறு இரண்டு இடங்களில் திரும்ப நடக்கிறது. அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிப்படையை உருவாக்கி, கடற்படைத் துறைக்குள் மரைன்கள் இருப்பதைப் போலவே அதை விமானப்படைத் துறைக்குள் வைத்தது. நம் கைபேசி வழி காட்டப் பயன்படுத்தும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை இயக்குவது இப்போது அந்தப் படைதான். இணையப் போருக்கு சிங்கப்பூர் 2022-ல் நான்காவது படையை அமைத்தது, ஜெர்மனி 2017-ல் தொடங்கிய பிரிவை 2024-ல் தனிப்படையாக உயர்த்தியது. அமெரிக்காவோ அதற்குக் கூட்டுக் கட்டளையகம் மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்களை ஒவ்வொரு படையும் அனுப்பட்டும் என்று விட்டிருக்கிறது. தனிப்படை கேட்கிறவர்கள் அங்கே சொல்வதைக் கேட்டால் பழைய விமானிகளின் குரல் மாதிரியே இருக்கிறது: கணினியில் பல ஆண்டுகள் பழகிய ஆளை, டாங்கி ஓட்டுகிறவரைப் பார்க்கும் அதே அளவுகோலால் பார்த்துப் பதவி உயர்வு கொடுத்தால், அவர் ஏன் இங்கே இருக்கப் போகிறார்?